கண்ணம்மாள் பேரில் எடுத்து வைத்த விறகு

ஆம்பூர் பைபாஸிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்குகிற தெருவில், தோல் பதனிடுகிற ஷாப்பின் மதில் எங்கே முடிகிறதோ அங்கே ரத்தினசாமியின் விறகுக்கடை தொடங்கும். தோல் நாற்றம் முடிந்து விறகு வாசனை தொடங்குகிற இடமும் அதுதான் என்று அவர் சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் மூக்குக்கு அப்படி ஒரு எல்லை இதுவரை தட்டுப்பட்டதில்லை.

கடை என்றால் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை, கூரையே இல்லாத ஒரு பெரிய மனை, நடுவில் எடைமேடை. ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பட்டா நிலங்களிலிருந்து லாரியில் வந்து இறங்குகிற புளி, மா, வேம்பு, வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலம் எல்லாம் மனையில் கிடக்கும். இவற்றோடு ரத்தினசாமிக்கு ஒரு வியாதியும் இருந்தது. வாடிக்கைக்காரர் எதைக் கேட்டாலும் தலை தானாக ஆடிவிடும்.

ஆம்பூரில் விறகு வாங்க வருகிறவர்கள் வெறும் விறகு கேட்பதில்லை. பிரியாணி மாஸ்டர் லியாகத் அலி ஒவ்வொரு கட்டையையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். வேப்பங்கட்டை ஒன்றே ஒன்று கலந்தாலும் தம் கசந்துவிடும் என்பார். மாடி வீட்டில் குடியிருந்த ஒரு அம்மாள் புகையே வராத விறகு வேண்டும் என்றாள். ரத்தினசாமி கரி கொடுத்தனுப்பினார். நல்ல விறகு என்று அவள் மறுபடி வந்து வாங்கினாள். சமையல் வீடியோ எடுக்கிற புருஷன் பெண்சாதி, எரியும்போது படபடவென்று சத்தம் வருகிற மாதிரி கேட்டார்கள், மைக்கில் விழவேண்டுமாம். கொஞ்சம் ஈரக் குச்சி கலந்து கொடுத்து அதற்கு 'சவுண்டு விறகு' என்று பேரும் வைத்தார். பைபாஸில் காபிக்கடை திறந்த பையன்களுக்கு விறகு எரிப்பதற்கே இல்லை, சுவரில் மாட்டுவதற்கு.

"பூச்சி அரிச்ச மாதிரி இருக்கணும்ணா. ஆனா பூச்சி இருக்கக் கூடாது."

"குடுத்துரலாம்பா."

ரத்தினசாமியின் பெண்சாதி அம்பிகா கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். "நாளைக்கு ஒர்த்தன் வந்து எரியாத விறகு குடும்பான். அதுக்கும் தலைய ஆட்டு."

"ஏன், பச்ச வேலிகாத்தான் கீதே" என்பார், சிரிக்காமல்.

பெரிய ஆர்டர் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு கறாரான முறை உண்டு. ஒரு முகூர்த்த நாளில் இரண்டு கல்யாண வீட்டு விறகு மாறிப்போய், பிரியாணிக்குப் போகவேண்டிய புளி ஒரு லாட்ஜின் வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. பிரியாணி வீட்டுக்குத் தென்னமட்டை போனது. மத்தியானச் சாப்பாட்டை மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் சாப்பிட்டார்கள், வசவைத் தொட்டுக்கொண்டு. அன்றிலிருந்து எடுத்து வைத்த அடுக்கு ஒவ்வொன்றின் மேலும் ஒரு தகரத்துண்டில் சுண்ணாம்பால் பேர் எழுதி மாட்டிவிடுவார். பணம் கொடுத்தவர் பேர் இல்லை. பணம் கொடுக்க மாமன் வருவான், மச்சான் வருவான். யாருக்கு விசேஷமோ அவர் பேர். அப்போதுதான் குழப்பம் வராது.

இந்த முறையில் ஒரு கோளாறு இருப்பது கோபி வந்த பிறகுதான் தெரிந்தது.

கோபி, இட்லிக்கடை கண்ணம்மாளின் ஒரே மகன். ஷூ கம்பெனியில் பிளானிங் செக்‌ஷன். அந்த கம்பெனி கேட்டுக்கு எதிரில்தான் கண்ணம்மாள் பெரிய குண்டானில் இட்லி அவித்துப் பையனைப் படிக்கவைத்தாள். படித்த பையன் கேட்டுக்கு உள்ளே போனான், அவள் கேட்டுக்கு வெளியே அதே அடுப்பில் நின்றாள். ரத்தினசாமி கடை போட்ட புதிதில், ஒருவரும் எட்டிப்பார்க்காத நாட்களில், வாராவாரம் வந்து விறகு வாங்கியவள் அவள்தான். அவருக்கு அவள் அக்கா.

ஐப்பசி மேகம் மலைமேல் இறங்கி நின்ற ஒரு மத்தியானம் கோபி வண்டியை நிறுத்திவிட்டு, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, உள்ளே வந்தான்.

"அம்மாவ வேலூர்ல ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம்ணா."

"கேள்விப்பட்டேன்பா. இப்ப எப்பிடி கீறாங்க?"

"நெஞ்சுல சளி கட்டிக்கிச்சி. ஐசியூல வெச்சிக்கீறாங்க. டாக்டரு, எதுக்கும் ரெடியா இருங்கன்னுட்டாரு."

"அடக் கடவுளே."

"அதாண்ணா... ரெடியா இருக்கலாம்னு வந்தேன்."

ரத்தினசாமிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அம்பிகாவைத் தேடினார். அவள் நல்லவேளையாக ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

"போன வருஷம் எங்க பெரியப்பா போனப்ப பாத்தீங்கல்ல? அடமழை. எங்க தேடியும் ஈர விறகு தான். பத்தவே இல்ல. டயர் போட்டு, டீசல் ஊத்தி... சொந்தக்காரனுங்கல்லாம் கொடைய புடிச்சிக்கினு நின்னு வேடிக்க பாத்தானுங்க. எங்க அத்த இன்னும் சொல்லிக் காட்டுது. எங்கம்மாவுக்கு அப்பிடி ஆகக் கூடாதுண்ணா."

"சுடுகாட்டுல முனிசிபாலிட்டி காஸ் மேடை கீதேப்பா?"

"அம்மாவுக்கு காஸே ஆவாது. கடைக்கே சிலிண்டர் வாங்கித் தர்றேன்னேன், வேணாம்னுடுச்சி."

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. துடைத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், "ஷிப்மெண்ட் டேட் நம்ம கைல இல்லண்ணா. மெட்டீரியல் மட்டும் முன்னாடியே வந்து நின்னுச்சின்னா..." என்றான். சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்கவேண்டும். நிறுத்திவிட்டுத் தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரத்தினசாமியின் தலை ஆடியது.

ஒத்துக்கொண்டதை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். அக்காவுக்கு மட்ட விறகு போகக் கூடாது என்று, வருஷக் கணக்காக வெயில் குடித்த புளியங்கட்டைகளைப் பொறுக்கிக் கொட்டகைக்குள் செங்கல் பரப்பி அதன்மேல் அடுக்கினார். தார்ப்பாய் போட்டார். தகரத்தை எடுத்து 'கோ' என்று எழுதும்போது யோசனை வந்தது. டீக்கடை கோபி ஒருத்தன், கேட்டரிங் கோபி ஒருத்தன், அவர்கள் அடுக்கும் பக்கத்தில்தான் இருந்தது. மேலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. துடைத்துவிட்டு, 'கண்ணம்மாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினார்.

ரேஷன் அரிசியோடு வந்த அம்பிகா பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"யோவ், இன்னாயா இது? உசுரோட கீற பொம்பள பேர எழுதி மாட்டிக்கீற?"

"கலந்துடும்ல?"

"கலந்தா கலக்கட்டும்யா! எடு மொதல்ல."

"எடுத்துட்டு அந்த நேரத்துல கேட்டரிங் கோபிக்கு ஏத்தி உட்டா? அக்கா பையனுக்கு வாக்கு குடுத்துக்கீறேன்."

"வாக்காம் வாக்கு. உன் வாயில பச்ச வேலிகாத்தான வெக்க."

தகரம் தொங்கியது. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் நெடுநாளைக்குப் பிறகு செந்தண்ணீர் ஓடியது, ஜனங்கள் பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். தோல் ஷாப்பின் கழிவும் மழைத்தண்ணீரும் கலந்து தெருவில் நுரைத்தது. மனையில் கிடந்த விறகெல்லாம் ஊறிக் கறுத்தது. ஊரிலேயே காய்ந்த விறகு என்று இருந்தது கண்ணம்மாள் பேரில் இருந்த அடுக்கு ஒன்றுதான்.

கண்ணம்மாளோ தேறிக்கொண்டிருந்தாள்.

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள் என்றான் கோபி. ரசம் சாதம் சாப்பிட்டாள் என்றான். நர்ஸம்மாவிடம் இட்லி கல்லு மாதிரி கீது என்று சண்டை போட்டாள் என்றான். ரத்தினசாமிக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் தெருவில் கோபி வண்டியில் போகும்போது, "அம்மா எப்பிடி கீறாங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்வி காற்றில் போகும்போதே வேறு மாதிரி ஆகிவிடுவதைக் கவனித்தார். கோபியும் கவனித்தான். "பரவால்லண்ணா... வந்து... அது அங்கயே இருக்கட்டும்ணா" என்றான். நான் அக்காவைத்தான் கேட்டேன், அடுக்கைக் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொன்னால் இன்னும் அசிங்கம். பிறகு கோபி வருவது தெரிந்தால் குனிந்து தராசுக் கல்லை அடுக்குவது போல இருந்துவிடுவார். கோபியும் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கினான்.

லியாகத் அலி ஒரு வெள்ளிக்கிழமை குடையோடு வந்து, கொட்டகை முன்னால் நின்று பெருமூச்சு விட்டார்.

"ரத்தினம், பேஜார் பண்ணாத. நாளைக்கு பெரிய கல்யாணம். இந்த ஈரக் கட்டைய வெச்சா பிரியாணி இல்ல, கஞ்சி தான் வரும். அந்த அடுக்க குடு."

"அது எதுக்குன்னு தெரியும்ல பாய்?"

"தெரியும். அந்தக்கா தான் நல்லாயி ஊட்டுக்கு வந்துடுச்சில்ல? அல்லா மெஹர்பான். அப்ப கொடு."

"சாவுக்குன்னு எடுத்து வெச்சத கல்யாண அடுப்புல வெப்பீங்களா?"

"சாவு எங்கப்பா வந்துச்சி? வராத சாவுக்கு தீட்டு ஏது?"

நியாயம்தான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ரத்தினசாமியின் தலை பக்கவாட்டில் ஆடியது. லியாகத் அலி அதை ஆச்சரியமாகப் பார்த்தார். ரத்தினசாமியும்தான். கொடுக்காததற்குக் காரணம் தீட்டு இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. கொட்டகையில் அந்த அடுக்கின் இடம் எப்போது காலியாகும் என்று காலையில் ஒரு கணம் நினைத்துவிட்டிருந்தார். நினைத்த பிறகு அந்த விறகைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

பாய் ஒரு கட்டை மேல் உட்கார்ந்து, வேறு எங்கே கிடைக்கும் என்று போன் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆட்டோ வந்து நின்றது.

முதலில் கோபியின் பெண்சாதி சௌமியா இறங்கினாள். கை கொடுத்தாள். காதை மூடிய கம்பளிக் குல்லாயோடு, பாதியாக இளைத்துப்போய், கண்ணம்மாள் இறங்கினாள்.

"ரத்தினம்! செக்கப்புக்கு போய்ட்டு அப்பிடியே வர்றேன். திங்கக்கெழம கடை போடணும். விறகு கீதா?"

ரத்தினசாமி ஓடினார். அக்காவை நோக்கி அல்ல, அடுக்கை நோக்கி. தார்ப்பாய்க்கு முன்னால் போய் முதுகை ஒட்டி நின்று இரண்டு கையையும் விரித்தார். அவர் கொஞ்சம் குள்ளம். தகரம் தலைக்கு மேல் இருந்தது.

கண்ணம்மாள் நிமிர்ந்து படித்தாள்.

"இன்னாடா, எம் பேர மாட்டிக்கினு நிக்கிற?"

"அது... வேறக்கா. கல்யாண ஆர்டர்."

"கல்யாணப் பொண்ணு பேரு கண்ணம்மாளா? இந்தக் காலத்துலயா?"

"பொண்ணு இல்லக்கா. பொண்ணோட... அம்மாவுக்கு அம்மா."

"அவங்களுக்கா கல்யாணம்?"

லியாகத் அலி எழுந்தார். தோஸ்த்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்துவிட்ட முகம். "ஆமாக்கா, கல்யாணம் தான். நான்தான் பிரியாணி."

"என்னிக்கு பாய்?"

பாய் தாடியைத் தடவினார். "தேதி... இன்னும் குறிக்கல."

மழை தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. கல்லாவில் அம்பிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். சௌமியா துப்பட்டாவை வாயில் அழுத்தினாள், அப்படியும் ஒரு விசும்பல் வெளியே வந்துவிட்டது.

கண்ணம்மாள் மருமகளைப் பார்த்தாள். ரத்தினசாமியைப் பார்த்தாள். தகரத்தை இன்னொரு தரம் பார்த்தாள். லியாகத் அலி காலி செய்த கட்டை மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"கோபியா?"

"அக்கா, அவன் தப்பா ஒண்ணும்... போன வருஷம் ஒங்க மச்சாண்டாருக்கு ஆன மாதிரி ஆயிடக் கூடாதுன்னு..."

"கோபியான்னு கேட்டேன்."

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தார். கண்ணம்மாள் வாய் ஆம்பூர் அறிந்த வாய். கம்பெனி செக்யூரிட்டி, சீட்டுக்காரன், கவுன்சிலர் யாரும் தப்பியதில்லை. ஆனால் அவள் எழுந்து வந்து, அவர் விரித்த கையை ஒரு திரைச்சீலையைப் போல விலக்கி, தார்ப்பாயைத் தூக்கி, ஒரு கட்டையை உருவினாள். இன்னொன்றில் தட்டினாள். கணீரென்றது.

"புளியா?"

"புளிதான்கா."

"ஒரு பொட்டு ஈரம் இல்ல."

"ஒங்களுக்குன்னு பொறுக்கி அடுக்கினதுக்கா" என்றார். அதில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எத்தினி வருஷமா ஒங்கிட்ட வாங்கறேன் ரத்தினம்? ஈர வேலிகாத்தானா போட்டு அனுப்புவ. ஊதி ஊதி கண்ணு அவிஞ்சி போச்சி. நெஞ்சுல சளி எங்கிருந்து வந்துச்சின்னு டாக்டரு கேக்கறாரு, பொக எங்கம்மா குடிச்சீங்கன்றாரு. நானும் மரம் கெடைக்கல போல, பாவம்னு இருந்தேன். அப்பல்லாம் இது எங்க இருந்துச்சி?"

ரத்தினசாமி தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். இது இங்கேயேதான் இருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் மோந்து பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், சண்டை பிடிப்பார்கள் என்று அவர்களுக்காக இருந்தது. காபிக்கடைப் பையன்களுக்கு இருந்தது. அக்கா எதுவும் கேட்டதில்லை. போடுகிறதை எடுத்துக்கொண்டு போவாள். அதனால் போட்டார்.

"செத்தா தான் காஞ்ச விறகா?" என்றாள் கண்ணம்மாள். கோபமாக இல்லை, விலை விசாரிக்கிற குரலில்.

பிறகு, "ஏத்து. இதையே ஏத்து" என்றாள்.

"அக்கா, அது அதுக்குன்னு எடுத்து வெச்சது. அடுப்புல வெக்கக் கூடாதுக்கா."

"யாரு பேர்ல கீது?"

ரத்தினசாமி தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"படிடா."

"கண்ணம்மாள்."

"அப்ப நான் கேட்டா குடு. சௌமியா, அவனுக்கு போன் போடு."

கோபி வந்து சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. அம்மாவையும் விலகிக் கிடந்த தார்ப்பாயையும் பார்த்தவன், வண்டியிலிருந்து இறங்காமலே நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதற்குள்ளேயே இருந்துவிடலாமா என்று யோசிப்பது போலிருந்தது.

"அம்மா, டெம்போ சொல்றேம்மா. ஆள் வெச்சி..."

"எதுக்கு ஆளு? நீ தூக்கு. நீ தான தூக்கணும்."

கோபி தூக்கினான். ரத்தினசாமி ஒரு கை பிடிக்கப் போனார், கண்ணம்மாள் பார்த்த பார்வையில் நின்றுவிட்டார். வெள்ளைச் சட்டையில் பட்டைத் தூள் ஒட்ட, கம்பெனி அட்டை கட்டைகளுக்கு நடுவே சிக்கி இழுபட, ஆட்டோவுக்கும் கொட்டகைக்கும் நடந்தான். ஆட்டோ போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் தூக்கினான். லியாகத் அலிகூட அந்த விறகுக்காக வருத்தப்படவில்லை. குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

கடை அடைக்கிற நேரத்தில் ரத்தினசாமி தகரத்தைக் கழற்றி, ஈரச் சாக்கால் தேய்த்தார். சுண்ணாம்பு போயிற்று. இத்தனை நாள் மழைச்சாரலில் தகரம் முழுக்கத் துரு ஏறியிருக்க, சுண்ணாம்பு இருந்த இடம் மட்டும் துருவில்லாமல் பளிச்சென்றிருந்தது. பேர் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அம்பிகா எட்டிப் பார்த்தாள். படித்துவிட்டுக் கல்லாவைப் பூட்டப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சௌமியா வந்தாள். "அத்த ஒங்கள சாப்புட வரச் சொன்னாங்க மாமா."

"போ" என்றாள் அம்பிகா. "போய் வாங்கி கட்டிக்கினு வா."

அதற்காகத்தான் போனார். நாலு பேர் எதிரில் நன்றாகத் திட்டிவிட்டால் இறங்கிவிடும், அப்புறம் பழையபடி அக்கா என்று கூப்பிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார்.

முதல் ஷிப்டு நேரம். கம்பெனி வேன்களிலிருந்து இறங்கிய பெண்கள் நீலக் கோட்டோடு குண்டானைச் சுற்றி நின்றார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புகையே இல்லை. தணல் ஆரஞ்சு நிறத்தில் நிதானமாக இருந்தது. கோபி லீவு போட்டுவிட்டு, கட்டையை அடுப்புக்குள் தள்ளுகிற வேலையில் குந்தியிருந்தான். ரத்தினசாமியைப் பார்த்ததும் அடுப்புக்குள் இன்னும் குனிந்தான்.

"யக்கா, நல்லாயிட்டீங்களா? பயந்துட்டோம்" என்றாள் நீலக் கோட்டுக்காரி ஒருத்தி. "கண்ணு கூட தெளிவா கீது. அடுப்புல பொகையே காணோம்?"

"எம் பையன் எடுத்து வெச்ச விறகுமா" என்றாள் கண்ணம்மாள், இட்லித் துணியைப் பிரித்துக்கொண்டே. "நான் ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீறேன். இவன் இன்னா பண்ணான் தெரியுமா? மழ வருதே, அம்மாவுக்கு ஈர விறகு ஆவாதேன்னு, முன்னாடியே போயி, காஞ்ச புளியா பாத்து, எம் பேரையும் எழுதி எடுத்து வெச்சிட்டான். வேற யாரும் தொடக் கூடாதாம்."

"பேரெல்லாம் எழுதியா?"

"எழுதி."

"குடுத்து வெச்சவங்க யக்கா நீங்க. எங்க ஊட்லயும் ஒண்ணு கீதே, சிலிண்டர் தீந்தா கூட தெரியாது."

"இந்த ரத்தினம் தான் ஒவ்வொரு கட்டையா பொறுக்கிக் குடுத்தான். கூடப் பொறந்தவன் கூட செய்ய மாட்டான்."

பெண்கள் ரத்தினசாமியை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருத்தி அவர் உட்கார ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அடுத்த வேன் வந்தது. புதிதாக நாலு பேர் வந்து, புகை இல்லையே என்றார்கள். கண்ணம்மாள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அதே வார்த்தைகள், அதே முகம். அதில் குத்தல் இருக்கிறதா என்று ரத்தினசாமி உற்றுப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி இருந்தால் அது இன்னும் மோசம். கோபியின் காது பின்னாலிருந்து பார்க்கவே சிவந்திருந்தது, தணலின் வெளிச்சமாகவும் இருக்கலாம்.

இட்லி பூப்போல இருந்தது. ரத்தினசாமிக்கு இறங்கவில்லை. இலையை மடிக்கப் பார்த்தார். கண்ணம்மாள் கரண்டியோடு வந்து, மடிப்பை விரித்து, இன்னும் ரெண்டு வைத்தாள்.

"போதும்கா."

"சாப்புடு" என்றாள், சட்னியை ஊற்றிக்கொண்டே. "விறகு நெறையா கீது."